நர்ஸுகள் ஏன் விட்டுப் போகிறார்கள், என்ன செய்தால் நிற்பார்கள்: வேலூர் வட்டார மருத்துவமனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மே 12 நர்ஸஸ் டே அன்று, காலை ஷிஃப்ட் முடித்தவர்களைக் கூட்டத்துக்காக இரண்டு மணி நேரம் பிடித்து வைத்து, கேக் கொடுத்து, "உங்கள் சேவை மகத்தானது" என்று பேசி அனுப்புகிற மருத்துவமனைகள் உண்டு. அதே வாரத்தில் அதே ஆட்களில் பாதிப் பேருக்கு வீக் ஆஃப் ரத்தாகியிருக்கும். அடுத்த மாதம் இரண்டு ராஜினாமா வந்ததும் நிர்வாகம் தலையைச் சொறியும்: "இவ்வளவு செய்கிறோம், இன்னும் என்னதான் வேண்டுமாம்?"

என்ன வேண்டும் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். போட்ட ஆஃப் ரத்தாகக் கூடாது. ராத்திரி பிரச்சினை வந்தால் மேலே ஒருத்தர் ஃபோனை எடுக்க வேண்டும். சம்பளம் தேதிக்கு வர வேண்டும். பாராட்டு, பயிற்சி, பதவி உயர்வு எல்லாம் அதற்கப்புறம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் எவ்வளவு செலவு செய்தாலும் பணம் போனதுதான் மிச்சம். கீழே இருக்கும் படிகளை அந்த வரிசையில்தான் அடுக்கியிருக்கிறேன். நடுவில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

இதை முக்கியமாக எழுதுவது வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் முப்பது படுக்கை முதல் இருநூறு படுக்கை வரை நடத்துகிற டாக்டர்களுக்கும், அங்கே இருக்கும் நர்ஸிங் சூப்பரிண்டெண்டுகளுக்கும், வார்டு இன்சார்ஜ்களுக்கும். அரசு மருத்துவமனை இன்சார்ஜ்களுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது.

நம் ஊரின் நிலைமை கொஞ்சம் தனி. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை), 1909-இல் நர்ஸிங் பயிற்சியை ஆரம்பித்தது. நாட்டிலேயே நர்ஸிங்கை முதலில் பட்டப்படிப்பாகக் கொடுத்த இடங்களில் ஒன்று 1946-இல் வேலூர். இன்று ராணிப்பேட்டையிலும் அதன் வளாகம் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இங்கே வேலை பார்க்கும் நர்ஸுக்கு, பஸ் ஏறினால் போகக்கூடிய தூரத்தில் நல்ல வார்டு எப்படி நடக்கும் என்று தெரியும். அது போக, ஒரு பக்கம் அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், இன்னொரு பக்கம் வளைகுடா, இங்கிலாந்து. ஐம்பது படுக்கை மருத்துவமனை சம்பளத்தில் மட்டும் இவர்களோடு மோதி ஜெயிக்க முடியாது. ஆனால் சின்ன இடத்தில் ஒரு முடிவை ஒரே நாளில் எடுக்கலாம், பெரிய இடத்தில் அது கமிட்டிக்குப் போகும். உங்கள் கையில் இருக்கும் பலம் அதுதான்.

எதனால் வேலை பிடிக்கிறது, எதனால் வெறுக்கிறது

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-இல் சொன்ன ஒரு விஷயம் வார்டுக்கு அப்படியே பொருந்தும். வேலையை வெறுக்க வைக்கும் காரணங்கள் ஒரு தொகுதி: சம்பளம், மேலதிகாரி நடத்தும் விதம், விதிமுறைகள், வேலைச் சூழல். வேலையைப் பிடிக்க வைக்கும் காரணங்கள் வேறு தொகுதி: செய்து முடித்த நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு, வளர்ச்சி. முதல் தொகுதியைச் சரி செய்தால் வெறுப்பு குறையும், அவ்வளவுதான். உற்சாகம் தானாக வந்துவிடாது. ஆனால் அதைச் சரி செய்யாமல் இரண்டாம் தொகுதியைக் கொடுத்தால் அது எரிச்சலைத்தான் கிளப்பும். ஆஃப் கிடைக்காதவளுக்குக் கொடுக்கும் "சிறந்த செவிலியர்" கேடயம் அப்படித்தான் ஆகிறது.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். லிண்டா ஏக்கனும் அவர் குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் தலையில் ஒரு நோயாளி கூடும்போது, அவர் சலித்து ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலையில் அதிருப்தி அடையும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடின. அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. நர்ஸின் மனநிலையும் நோயாளியின் உயிரும் ஒரே கணக்கில் வருகின்றன. "ஸ்டாஃப் வெல்ஃபேர்" என்று இதைத் தனி ஃபைலில் போட்டு மூடுகிற நிர்வாகிகளுக்கு அந்தக் கடைசி எண்ணைக் காட்டுங்கள்.

படி 1: பேசுவதற்கு முன் எண்ணுங்கள்

முதலில் ஒரு மாதம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டு போட்டு, வார்டு வாரியாக ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: ரத்தான வீக் ஆஃப் எத்தனை, டபுள் ட்யூட்டி எத்தனை, ஷிஃப்ட் முடிந்து அரை மணிக்கு மேல் நின்றவர்கள் எத்தனை பேர், முன் அறிவிப்பில்லாத சிக் லீவ் எத்தனை, கடந்த பன்னிரண்டு மாதத்தில் ராஜினாமா எத்தனை. ஒரே ஒரு வார்டில் மட்டும் சிக் லீவ் குவிந்தால், அங்கே காய்ச்சல் பரவுகிறது என்று அர்த்தமில்லை. அந்த வார்டு இன்சார்ஜையோ ஆள் எண்ணிக்கையையோ பாருங்கள்.

அப்புறம் கேள்வித்தாள். "நீங்கள் திருப்தியாக இருக்கிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் டிக் அடிப்பார்கள், கையெழுத்தைப் பார்த்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தெரியும். எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்:

போன மாதம் எத்தனை தடவை சாப்பிடாமல் ஷிஃப்ட் முடித்தீர்கள்?
எத்தனை தடவை ஆஃப் அன்று கூப்பிட்டார்கள்?
யாராவது கத்தியபோது உங்கள் பக்கம் யாராவது பேசினார்களா?
உங்கள் தங்கைக்கு இந்த மருத்துவமனையில் வேலை வாங்கித் தருவீர்களா?

கடைசிக் கேள்வி ஒன்றே போதும் என்றுகூடச் சொல்வேன். பெயர் வேண்டாம், வார்டு பெயர் மட்டும். மலையாளம் எழுத வசதியான பிள்ளைகள் இருந்தால் அதிலேயே எழுதட்டும்.

ராஜினாமா கடிதத்தை நம்பாதீர்கள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று எழுதுவது ஒரு சம்பிரதாயம். சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டுக் கேட்டால், "வீட்டுல மாப்பிள்ளை பாக்குறாங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதே பெண், கூட இருந்த சீனியரிடம் ஹாஸ்டல் படியில் உட்கார்ந்து, "அக்கா, மூணு மாசமா நைட்டு மட்டும்தான். கேட்டா 'உனக்கென்ன, கல்யாணமாகல, குழந்தையா குட்டியா'ன்னு சொல்றாங்க" என்று சொல்லியிருப்பாள். அதனால் விடைபெறும் பேச்சை அந்த வார்டோடு சம்பந்தமில்லாத ஒருவர் நடத்தட்டும். கணக்கெல்லாம் தீர்த்து, அனுபவச் சான்றிதழ் கையில் கொடுத்த பிறகு நடத்தட்டும். அதற்கு முன் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

படி 2: ஆள் கணக்கை ஒழுங்காகப் போடுங்கள்

பெரும்பாலான மருத்துவமனைகளில் நர்ஸ்களின் சலிப்புக்கு வேர் இங்கேதான். மனம், ஊக்கம் என்று போவதற்கு முன்னால் இது வெறும் பெருக்கல் கணக்கு.

முப்பது படுக்கை ஜெனரல் வார்டு என்று வைத்துக்கொள்வோம். காலை 5 பேர், மாலை 4 பேர், இரவு 3 பேர். ஒரு நாளைக்கு 12 ட்யூட்டி. பல இடங்களில் முதலாளி இங்கேயே கணக்கை முடித்துவிடுவார்: "12 பேர் வேண்டும், ஒருத்தரைக் கூடச் சேர்த்து 13 வைத்துக்கொள்ளுங்கள்."

ஒரு நர்ஸ் வருடத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியும்? 365-இல் வார விடுமுறை 52 போனால் 313. சி.எல். (தற்செயல் விடுப்பு) 12 போனால் 301. ஈட்டிய விடுப்பு 15 போனால் 286. தேசிய, பண்டிகை விடுமுறை 9 போனால் 277. உடம்பு சரியில்லாத நாளுக்கும் பயிற்சிக்கும் 7 விட்டால் 270.

வருடத்துக்கு வேண்டிய ட்யூட்டி 365 × 12, அதாவது 4,380. அதை 270-ஆல் வகுத்தால் 16-க்குச் சற்று மேல். நைட் முடிந்து நைட் ஆஃப் கொடுத்தால் 17. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் அளவுகோலிலேயே விடுப்புக்காக 30 சதவீதம் கூடுதலாக வைக்கச் சொல்லியிருப்பது இதனால்தான்.

13 பேரை வைத்து ஓட்டினால் கிடைப்பது 3,510 ட்யூட்டி. வருடத்துக்கு 870 துண்டு விழுகிறது; வாரத்துக்குப் பதினாறு, பதினேழு. அந்தப் பதினாறை யார் செய்கிறார்கள்? ரத்தான ஆஃபும், டபுள் ட்யூட்டியும், "இன்னிக்கு மட்டும் ரெண்டு பேரே பாத்துக்கங்கம்மா" என்கிற மாலை நேர ஃபோனும்தான். வார்டு இன்சார்ஜ் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கை அவரால் மாற்ற முடியாது. மாதாமாதம் யாரிடமாவது கெஞ்சிக்கொண்டோ கத்திக்கொண்டோ இருப்பார்.

இந்தக் கணக்கை உங்கள் வார்டு எண்களோடு ஒரு தாளில் போட்டு முதலாளி மேஜையில் வையுங்கள். உடனே நான்கு பேரை எடுக்க முடியாது என்பார். சரி, அப்போது இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பகுதி நேர நர்ஸ். சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் பாகாயத்திலும், ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டுக் குழந்தை பிறந்ததும் நின்றுவிட்ட நர்ஸுகள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 9 மணிக்கு வந்து 1 மணிக்குப் போகிற மாதிரி வேலை கொடுத்தால் வருவார்கள். வார்டில் வேலை நெருக்குவதும் அந்த நாலு மணி நேரத்தில்தானே: ரவுண்ட்ஸ், டிரெஸ்ஸிங், டிஸ்சார்ஜ், புது அட்மிஷன். நர்ஸிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு வாரம் கூட நிறுத்திப் பழக்கி எடுங்கள்.

இன்னொன்று, ஆள் இல்லாதபோது படுக்கையைக் குறைப்பது. முதலாளிக்கு இது கசக்கும். ஆனாலும் "மூன்று பேருக்குக் கீழே போனால் அந்த ராத்திரி புது அட்மிஷன் வேறு வார்டுக்கு" என்று எழுத்தில் ஒரு விதி இருந்தால், அந்த ராத்திரி ட்யூட்டியில் இருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நைட் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

படி 3: ரோஸ்டர்

ஆள் கணக்கு சரியானால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதி, ரோஸ்டர், அதாவது ட்யூட்டி அட்டவணை, போடும் விதத்தில் இருக்கிறது.

குறைந்தது பதினைந்து நாள் முன்னால் ஒட்டுங்கள். ஒரு மாதம் முடிந்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்ஆப்பில் வருகிற ரோஸ்டரை வைத்துக்கொண்டு யாரும் ஒரு கல்யாணத்துக்குக்கூட வருகிறேன் என்று சொல்ல முடியாது. ஒட்டிய பிறகு மாற்ற வேண்டுமென்றால் மாற்றுபவர் கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுதட்டும். கையெழுத்து என்றதும் மாற்றங்கள் தானாகக் குறையும்.

சுழற்சி காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போகட்டும். உடம்பின் கடிகாரம் தாமதமாகத் தூங்குவதை ஏற்கும், சீக்கிரம் எழுவதைத்தான் எதிர்க்கும். மாலை ட்யூட்டி முடித்தவரை மறுநாள் காலைக்குப் போடவே போடாதீர்கள். குடியாத்தத்திலிருந்து வருகிறவர் ராத்திரி பஸ் பிடித்து வீடு சேர்ந்து, சாப்பிட்டு, துணி துவைத்துப் போட்டு, மறுபடி விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும். தூக்கம் நாலு மணி நேரம் வந்தால் அதிகம். தொடர் நைட் மூன்று, நான்கோடு நிற்கட்டும். ஏழு நைட், பதினைந்து நைட் என்று நம் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. "மொத்தமாக முடித்துவிடலாம்" என்று நர்ஸ்களே சில சமயம் கேட்பார்கள், ஊருக்குப் போக வசதி என்று. நாகர்கோவில் பிள்ளைகளுக்கும் கேரளப் பிள்ளைகளுக்கும் அது நியாயமான காரணம். ஆனால் ஐந்தாம் நைட்டுக்கு மேல் மருந்துத் தவறு நடந்தால் பழி அவர்கள் மேல்தான் விழும். தொடர் ஆஃபை வேறு வழியில் சேர்த்துக் கொடுங்கள்.

ஷிஃப்ட் நேரத்தைப் பஸ், ரயில் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாலை ஷிஃப்ட் எட்டு மணிக்கு முடிந்து, ஊர்ப் பஸ் 7.50-க்கு என்றால், நிர்வாகம் காசு செலவில்லாமல் தினம் ஒரு மணி நேரத்தைத் திருடிக்கொண்டிருக்கிறது. அரை மணி முன்னே பின்னே நகர்த்துவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பண்டிகைக்கு ஒரு நோட்டு வேண்டும். பொங்கல், ரம்ஜான், கிறிஸ்துமஸ், தீபாவளி, ஓணம் என்று தலைப்பு எழுதி, யார் எதில் வேலை பார்த்தார்கள் என்று வருடா வருடம் பதியுங்கள். குடியாத்தத்துக்காரர்களுக்கு வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழா தீபாவளிக்கு மேலே; அந்த நாளில் அவர்களைப் போட்டுவிட்டு "அது கவர்ன்மெண்ட் லீவு இல்லையே" என்று சொன்னால் அந்த வருடம் முழுக்க அதைப் பேசுவார்கள். ஆம்பூர், பேர்ணாம்பட்டு முஸ்லிம் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் அன்று வேலை பார்த்தால், ரம்ஜான் அன்று மற்றவர்கள் பார்ப்பார்கள். இந்தப் பரிமாற்றத்தை அவர்களே சந்தோஷமாகச் செய்துகொள்வார்கள், நோட்டில் பாக்கி தெளிவாக இருந்தால்.

"கல்யாணமாகாதவள் தானே" என்ற வாதத்துக்கு ரோஸ்டரில் இடம் கொடுக்காதீர்கள். பிரசவ விடுப்பு முடிந்து திரும்புகிறவரை முதல் வாரமே நைட்டில் போடுகிற வழக்கத்துக்கும்தான். இரண்டும் ராஜினாமாவில் போய் முடியும்.

படி 4: நர்ஸ் வேலை அல்லாததைக் கழற்றுங்கள்

ஒரு காலை ஷிஃப்ட் முழுக்க ஒரு நர்ஸ் பின்னால் நின்று, செய்வதை எல்லாம் எழுதிப் பாருங்கள். ஃபார்மசிக்கு இன்டென்ட் (மருந்து கேட்கும் சீட்டு) போட்டு, வராததற்கு ஃபோன் செய்து, வீல் சேர் தேடி, லிஃப்ட் ஆளைக் கூப்பிட்டு, முதல்வர் காப்பீட்டுத் திட்ட அப்ரூவல் வந்ததா என்று கவுன்டருக்கு நடந்து, பில் செட்டில் ஆகாத டிஸ்சார்ஜுக்காக நோயாளியின் சொந்தக்காரரிடம் திட்டு வாங்கி. மூன்று வருடம், நான்கு வருடம் படித்தது இதற்கா என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது.

வழி ரொம்பச் சாதாரணம். இரண்டு வார்டுக்கு ஒரு வார்டு கிளார்க் போடுங்கள். இன்டென்ட், பில், காப்பீடு எல்லாம் அவர் தலையில். ஃபார்மசியிலிருந்து மருந்து வார்டுக்கு வரட்டும், நர்ஸ் போக வேண்டாம். டிஸ்சார்ஜ் எப்போது என்ற கேள்விக்குப் பில்லிங்கில் ஒருவர் பதில் சொல்லட்டும். ஒரு கிளார்க்கின் சம்பளத்தில் இரண்டு வார்டு நர்ஸ்களின் நேரம் திரும்பக் கிடைக்கிறது. நான் பார்த்தவரை இதைவிட மலிவான ஊக்கத் திட்டம் கிடையாது.

படி 5: சம்பளம்

2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. அதே வருடம் வந்த பரிந்துரை இப்படி: 50 படுக்கைக்குக் கீழே என்றால் மாதம் ரூ. 20,000-க்குக் குறையக்கூடாது, 50-க்கு மேல் 100 வரை என்றால் அரசு நர்ஸ் சம்பளத்தைவிட 25 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது, 100-க்கு மேல் 200 வரை 10 சதவீதம், 200-க்கு மேல் அரசுக்குச் சமம். பரிந்துரைதான், பல இடங்கள் இன்னும் எட்டவில்லை. உங்கள் மருத்துவமனை எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நர்ஸ்களுக்கு இந்த எண்கள் தெரியும்.

ஒரேயடியாக ஏற்ற முடியாத இடங்களிலும் சில காரியம் செய்யலாம். சம்பளத் தேதி மாறக்கூடாது. சம்பளச் சீட்டு கையில் வர வேண்டும்; வங்கிக் கடனுக்கும் வெளிநாட்டு விண்ணப்பத்துக்கும் அது வேண்டும். நைட் அலவன்ஸ் தனி வரியாகத் தெரியட்டும். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சம்பள வரம்பு ரூ. 21,000 என்பதால், சம்பளம் ஏற்றி அதைத் தாண்டும்போது அவர் அடுத்த கட்டத்தில் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிடுவார். முன்கூட்டியே சொல்லி, மாற்று மருத்துவக் காப்பீடு கொடுத்த பிறகு ஏற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட ரணமானது ஒன்று: புதிதாக எடுக்கும் பெண்ணுக்கு, ஐந்து வருடம் இருப்பவரைவிட அதிகம் கொடுப்பது. சந்தை விலை ஏறியதால் புது ஆளுக்கு ஏற்றிக் கொடுப்பார்கள், பழைய ஆளுக்கு ஏற்ற மறந்துவிடுவார்கள். யாருக்கும் தெரியாது என்று நிர்வாகம் நினைக்கும். ஹாஸ்டலில் ஒரே ராத்திரியில் தெரிந்துவிடும். புது ஆள் சம்பளத்தை மாற்றும் அதே நாளில் பழைய ஆட்களின் சம்பளத்தையும் சரி செய்யுங்கள்.

அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பது, இத்தனை வருடம் போகமாட்டேன் என்று பாண்ட் எழுதி வாங்குவது இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். அப்படி நிறுத்தி வைத்த ஆள் வேலை செய்வதில்லை, காத்திருக்கிறாள்.

படி 6: பாதுகாப்பும் மரியாதையும்

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. நர்ஸ்களும் அதில் அடக்கம். வார்டு வாசலில் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காள மொழிகளில் அதை எழுதி ஒட்டுங்கள். அதைவிட முக்கியம், ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பெயரும் எண்ணும். அந்த ஆள் வர வேண்டும். ஒரே ஒரு தடவை வராவிட்டால், அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள். பொறுத்துப் போய்விட்டு வேறு வேலை தேடுவார்கள். புகாரை மருத்துவமனையே கொடுக்க வேண்டும், நர்ஸைத் தனியாகக் காவல் நிலையத்துக்கு அனுப்பக்கூடாது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013 சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், வெளியாள் ஒருவர் உறுப்பினர். குழு உறுப்பினர்கள் யார் என்று உங்கள் மருத்துவமனை நர்ஸ் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் குழு காகிதத்தில் இருக்கிறது.

ரவுண்ட்ஸில் டாக்டர் நோயாளி முன்னால் நர்ஸைத் திட்டுவது இன்னும் நடக்கிறது. இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்திப் பிரயோஜனமில்லை. தலைமை டாக்டர் ஒரு விதி சொல்ல வேண்டும்: குறை இருந்தால் நர்ஸிங் ஸ்டேஷனுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொல்லுங்கள். அதை அவரே முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

மொழி விஷயம் வேலூருக்கே உரிய சிரமம். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுபவர்கள் வருகிறார்கள். புரியாததால் வரும் கோபம் முதலில் விழுவது நர்ஸ் மேல்தான். வலி எங்கே, சாப்பிட்டீர்களா, மாத்திரை எப்போது போட்டீர்கள், அசையாதீர்கள் என்று முப்பது, நாற்பது வாக்கியங்களை அவர்கள் மொழியில், ஆனால் தமிழ் எழுத்திலேயே எழுதி லேமினேட் போட்டு ட்ராலியில் தொங்கவிடுங்கள். "தர்த் கஹா(ன்) ஹை?" என்று கேட்கத் தெரிந்த நர்ஸுக்கு வேலை பாதி சுலபம். இரண்டு மொழி பேசுகிறவருக்குச் சின்ன அலவன்ஸ் கொடுங்கள். இப்போது அவர்களை எல்லா வார்டுக்கும் இழுத்துக்கொண்டு சும்மா பயன்படுத்துகிறோம்.

படி 7: ஹேண்ட் ஓவரும் முதல் மூன்று மாதமும்

ஹேண்ட் ஓவர் என்பது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது. அப்போது மேஜையில் உட்கார்ந்து நோட்டைப் படிக்காமல், இருவரும் படுக்கை படுக்கையாகப் போகட்டும். நல்ல ஹேண்ட் ஓவர் இப்படி இருக்கும்: "பதினாலாம் பெட், கால் புண், மூணாம் நாள். சுகர் மதியம் 280, இன்சுலின் போட்டாச்சு. ஆறு மணி ஆன்டிபயாடிக் இன்னும் ஃபார்மசியிலருந்து வரல, இன்டென்ட் போட்டிருக்கேன், கேட்டுக்கங்க. கேனுலா லேசா சிவந்திருக்கு, ராத்திரி மாத்தணும். பெங்காலி மட்டும்தான் தெரியும், பையன் ஒன்பது மணிக்குப் போயிடுவாரு, அதுக்குள்ள கேக்க வேண்டியதக் கேட்டுருங்க." ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டுக்குப் போன பிறகு "அந்த மருந்து சொன்னேனா இல்லையா" என்ற நெஞ்சிடிப்பு இருக்காது. வேலை திருப்தி என்று பேசும்போது இந்த நிம்மதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹேண்ட் ஓவருக்கான பதினைந்து நிமிடத்தை ட்யூட்டி நேரத்துக்குள்ளேயே வையுங்கள்.

புதிதாக வருகிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு சீனியரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அந்தச் சீனியருக்கு அந்த மாதங்களில் நோயாளி எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், கொஞ்சம் கூடுதல் பணமும் வரட்டும். முதல் நைட் தனியாக வேண்டாம். தவறு நடந்தால் எழுதித் தர ஒரு படிவம் இருக்கட்டும். முதல் கேள்வி "யார் செய்தது" என்று இருந்தால் அடுத்த தவறு உங்கள் காதுக்கு வராது.

படி 8: வளர வழி

இப்போதுதான் ஊக்கம் என்ற பேச்சுக்கே வருகிறோம்.

அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை கடுமையாக இருந்த காலத்தில், சில மருத்துவமனைகளில் மட்டும் ஆட்கள் எப்படி நிற்கிறார்கள் என்று ஆராய்ந்து 1983-இல் ஓர் அறிக்கை வந்தது. 41 மருத்துவமனைகளை, ஆட்களை இழுத்து வைத்துக்கொள்ளும் காந்த மருத்துவமனைகள் என்று அடையாளம் காட்டியது. அங்கே பொதுவாக இருந்தது, நர்ஸ் சொல்வதற்கு மதிப்பு. வார்டு விஷயத்தில் முடிவெடுக்கும் இடத்தில் நர்ஸுகள் இருந்தார்கள்.

நம் அளவில் அதை எப்படிச் செய்வது? ஒவ்வொரு வார்டிலும் ஒரு துறையை ஒருவரிடம் ஒப்படையுங்கள்: புண் பராமரிப்பு ஒருவர், நோய்த்தொற்றுக் கட்டுப்பாடு ஒருவர், சர்க்கரை நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒருவர். வாரம் இரண்டு மணி நேரம் அதற்கென்று ரோஸ்டரில் ஒதுக்கி, பயிற்சிக்கு அனுப்பி, பெயர்ப் பட்டையில் எழுதுங்கள். புது டிரெஸ்ஸிங் சாமான் வாங்கும்போது அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். ஜி.என்.எம். (நர்ஸிங் டிப்ளமோ) முடித்தவர் அதற்கு மேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. பட்டம் படிக்க விரும்பினால் ஃபீஸில் ஒரு பகுதியைக் கொடுங்கள். வெளிநாடு போகத்தான் ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறாள் என்று தெரிந்தாலும் தடுக்காதீர்கள். படிக்கும் இரண்டு வருடம் அவள் உங்களிடம் நன்றாக வேலை பார்ப்பாள், ஒளித்துப் படிப்பவள் எப்போது போவாள் என்று உங்களுக்குத் தெரியாது.

பாராட்டு அன்றன்றைக்கே, குறிப்பாக இருக்கட்டும். "நல்லா வேலை செய்றீங்க" என்பது காற்றில் போகும். "நேத்து ஏழாம் பெட் மூச்சு வேகமா இருக்குன்னு நீங்க சொன்னதாலதான் சீக்கிரம் ஐ.சி.யூ.வுக்கு மாத்தினோம்" என்று டாக்டர் வந்து சொன்னால் அது நிற்கும்.

படி 9: ஓய்வறை, சாப்பாடு, குழந்தை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் செய்யத்தான் வேண்டும், யோசிக்க ஒன்றும் இல்லை. பூட்டக்கூடிய அலமாரி, சுத்தமான கழிப்பறை, குடிநீர், நைட்டில் ஒரு டீயும் சூடாக ஏதாவதும். வேலூர் வெயிலில், வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும் மாதங்களில் ஓய்வறையில் ஏ.சி. ஆடம்பரம் ஆகாது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் குழந்தைக் காப்பகம் சட்டப்படி கட்டாயம்; மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்த விதி அது. 26 வாரப் பிரசவ விடுப்பும் அதே திருத்தத்தில் வந்தது. காப்பகம் இருந்தால் திரும்பி வருபவர்கள் கூடுவார்கள்.

அரசு மருத்துவமனை இன்சார்ஜ்களுக்கு

ஆள் எடுப்பதோ சம்பளமோ உங்கள் கையில் இல்லை. தொகுப்பூதியத்தில் இருப்பவர்களின் மனக்குறையை நீங்கள் தீர்க்க முடியாது. அதற்காக, நிரந்தரப் பணியில் இருப்பவருக்கு ஒரு நியாயம், தொகுப்பூதியக்காரருக்கு ஒரு நியாயம் என்று நைட் போடாமல் இருக்கலாமே. ரோஸ்டர், பண்டிகை நோட்டு, ஹேண்ட் ஓவர், கத்தும்போது பக்கத்தில் வந்து நிற்பது, இந்த நாலும் முழுக்க உங்கள் கையில்தான். மூன்றாவது, ஆறாவது, ஏழாவது படிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 10: ஆறு மாதம் கழித்து

முதல் மாதம் எண்ணிய அதே ஐந்து எண்களை ஆறாம் மாதம் மறுபடி எண்ணுங்கள், அதே கேள்வித்தாளைக் கொடுங்கள். ரத்தான ஆஃப் குறைந்திருந்தால்தான் மற்றது குறையும்; அது குறையாமல் பாராட்டு விழா கூடியிருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். முடிவுகளை நர்ஸ்களிடம் மறைக்காதீர்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த தடவை தாளை வெறுமையாகத் திருப்பித் தருவார்கள்.

இவ்வளவும் செய்தாலும் சிலர் போவார்கள். போகிறவரை ஒரு வாரத்துக்குள் கணக்கு முடித்து, பி.எஃப். விவரம் சரிபார்த்து, எந்த வார்டில் எத்தனை மாதம் என்று தெளிவாக எழுதிய அனுபவச் சான்றிதழோடு அனுப்புங்கள். ஐ.சி.யூ. அனுபவத்தை "ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றினார்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் வெளிநாட்டில் அது செல்லுபடியாகாது. திருத்தி வாங்க அவர் மூன்று தடவை அலைய வேண்டியிருக்கும். குழந்தை வளர்ந்த பிறகு திரும்பி வேலை தேடும்போது, அவர் முதலில் ஃபோன் செய்யப்போவது அலையவிடாத இடத்துக்குத்தான்.